ஓய்ந்து வந்த குதிரை ஓடுமா?

மும்பையின் திலக் நகரிலிருந்து மகாலட்சுமி பந்தயத்திடலுக்கு நேர் ரயில் கிடையாது. ஹார்பர் லைனில் ஒரு நிலையம் போய்க் குர்லாவில் இறங்கி, சென்ட்ரல் லைனில் தாதர் வந்து, அங்கே வெஸ்டர்ன் லைனுக்கு மாற வேண்டும். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வழியே போகும் ரேஸ் பிரியர்கள் ரயிலிலேயே ரேஸ் புத்தகத்தை விரித்துப் பேனாவால் கோடிட்டுக்கொண்டு வருவார்கள். குதிரையின் வயது, சுமக்கும் எடை, ஜாக்கி, பயிற்சியாளர், முந்தைய ஓட்டங்கள் என்று அதில் அச்சாகியிருக்கும் விவரங்களில் அதிகம் வாக்குவாதம் கிளப்புவது ஒன்று: குதிரை கடைசியாக ஓடிய தேதி.

ஒரே பந்தயத்தில் இரண்டு குதிரைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று இரண்டு வாரத்துக்கு முன் ஓடி மூன்றாவதாக வந்தது. மற்றது கடைசியாக ஓடியபோது ஜெயித்தது. ஆனால் அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. எதன் மேல் பணம் கட்டுவது? "நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வந்திருக்கு, ஃப்ரெஷ்ஷா ஓடும்" என்பார் ஒருவர். "மூணு மாசம் லாயத்துல நின்ன குதிரைக்குக் கடைசி 200 மீட்டர்ல மூச்சு நிக்காது" என்பார் பக்கத்து இருக்கைக்காரர். இருவருமே அனுபவசாலிகள். இருவராலும் தங்கள் கட்சிக்குப் பத்து உதாரணம் சொல்ல முடியும். இரண்டு எதிரெதிர் முடிவுகளுக்கும் தாராளமாக உதாரணம் கிடைக்கிறதென்றால், கேள்வியைத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள்.

முதலில் குதிரையின் உடம்பு. ஓய்வு என்று ஒரே எண்ணாக நாம் எண்ணினாலும், உடம்பின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி வேகத்தில்தான் மீள்கிறது.

சுமார் 500 கிலோ எடையுள்ள தரோபிரெட் இனப் பந்தயக் குதிரை, பந்தயத்தில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஓட்டத்தில் ரத்தத்தில் ஏறும் லாக்டேட் ஓரிரு மணி நேரத்தில் இறங்கிவிடும். தசையில் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. நன்றாகச் சாப்பிடும் மனித ஓட்டக்காரருக்கு ஏறக்குறைய ஒரே நாளில் நிரம்பிவிடும் இந்தச் சேமிப்பு, குதிரைக்கு நிரம்ப இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது. இது ஊகமில்லை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பிட்டத்துத் தசையிலிருந்து ஊசியால் துணுக்கெடுத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆக, எரிபொருள் கணக்கை மட்டும் பார்த்தால் ஒரு வாரம் தாராளம்.

தசைநாண் கதை வேறு. முன்னங்காலின் பின்புறம் இறங்கும் நாண், ஒவ்வொரு பாய்ச்சலிலும் ரப்பர் போல நீண்டு சுருங்குகிறது. அதில் இழைகள் கிழிந்தால் அல்ட்ராசவுண்டில் கரும்புள்ளியாகத் தெரியும். ஆறுவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ரேஸ் புத்தகத்தில் 400 நாள் இடைவெளி என்று தெரியும் குதிரைகளில் பலவற்றுக்குப் பின்னால் இந்த நாண்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட வியப்பானது எலும்பு. பாய்ச்சலின் உச்சத்தில் ஒரு முன்னங்கால் குதிரையின் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரத்தைத் தாங்குகிறது. ஆயிரக்கணக்கான முறை இப்படி அடிபடும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழும். உடம்பு அவற்றைச் சரிசெய்யும் வேலைக்கு எலும்புச் சீரமைப்பு என்று பெயர். மும்பைக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முன் மாநகராட்சி செய்யும் வேலைதான். விரிசல் விட்ட சாலையை மேலே பூசி மெழுகினால் நிற்காது. பழையதைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். எலும்பிலும் ஒருவகைச் செல்கள் சேதமடைந்த பகுதியைக் கரைத்துக் குழி தோண்டுகின்றன. இன்னொரு வகைச் செல்கள் பின்னால் வந்து புது எலும்பை நிரப்புகின்றன. தோண்டுவதற்குச் சில வாரம். நிரப்பி இறுகுவதற்குச் சில மாதம். இடைப்பட்ட காலத்தில் அந்தச் சாலை, முன்பிருந்த விரிசல் சாலையைவிடப் பலவீனமானது. அப்போது லாரியை ஓட்டினால் உட்கார்ந்துவிடும்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. கடும் பயிற்சியில் இருக்கும் குதிரையின் எலும்பில், அதிகம் பாரம் விழும் இடங்களில், இந்தத் தோண்டும் வேலை அடங்கிக் கிடக்கிறது. குதிரையை ஓய்வுக்கு அனுப்பியதும் அது முடுக்கிவிடப்படுகிறது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயிற்சியிலிருந்த குதிரைகளின் முன்னங்கால் மூட்டெலும்பையும், ஓய்விலிருந்த குதிரைகளின் எலும்பையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டு 2014இல் இதைக் காட்டினார்கள். ஆகவே ஓய்வு எலும்பைக் குணமாக்குகிறது. அதே ஓய்வு, பாதியில் முறிக்கப்பட்டால், எலும்பைப் பலவீனமான நிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

கலிஃபோர்னியாவில் 1991 முதல் 1994 வரை இடுப்பெலும்போ புய எலும்போ முழுதாக முறிந்த 54 தரோபிரெட் குதிரைகளின் பயிற்சிப் பதிவுகளை ஆய்வாளர்கள் புரட்டினார்கள். முன்னங்காலில் தோளை ஒட்டியிருக்கும் புய எலும்பு முறிந்த குதிரைகளில் ஒரு போக்கு தெரிந்தது. இரண்டு மாதம் அல்லது அதற்கு மேல் வேகவோட்டம் இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பிய முதல் சில வாரங்களில்தான் ஆபத்து கூடியிருந்தது. ஓய்வு எடுத்த குதிரை பத்திரமான குதிரை என்று நினைத்திருந்தவர்களை அந்தக் கண்டுபிடிப்பு உலுக்கியது. 2019 முதல் அதே கலிஃபோர்னியாவின் சாண்டா அனிடா பந்தயத்திடலில், குதிரையைப் படுக்க வைக்காமல், முழு மயக்கம் கொடுக்காமல், நின்றபடியே காலை பெட் ஸ்கேன் எடுக்கும் கருவி இருக்கிறது. கதிரியக்கம் கலந்த ஃப்ளோரைடை ஊசியில் செலுத்தினால், எலும்பில் சீரமைப்பு மும்முரமாக நடக்கும் இடத்தில் போய் அது சேரும். திரையில் அந்த இடம் ஒளிரும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத காலிலும் தெரியும்.

இனி மூச்சு. பக்கத்து இருக்கைக்காரரின் கவலை நியாயமானதா? குதிரைகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு, முகமூடி மாட்டி, உள்ளே போகும் ஆக்சிஜனை அளந்த சோதனைகள் தரும் பதில்: ஓரளவுக்குத்தான். பயிற்சியை நிறுத்தினால் குதிரையின் மூச்சுத் திறன் குறையத்தான் செய்கிறது, ஆனால் மனிதருக்குக் குறைவதைவிட மெதுவாக. மூன்று வார இடைவெளி அதைப் பெரிதாக அசைப்பதில்லை. சில மாதம் என்றால் குறைவு தெரியும், அதிலும் 2,000 மீட்டர், 2,400 மீட்டர் போன்ற நீண்ட ஓட்டங்களில். குறுகிய ஓட்டத்தில் அது அவ்வளவாக வெளியே தெரிவதில்லை.

ஆஸ்திரேலியப் பயிற்சியாளர்கள் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை குதிரையைப் புல்வெளிக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்து ஓடும் முதல் ஓட்டம், இரண்டாம் ஓட்டம் இவற்றில் அந்தக் குதிரையின் பழைய சாதனை என்ன என்பதை அங்கே ரேஸ் புத்தகங்களிலேயே தனியாக அச்சிடுகிறார்கள். 2015 முதல் 2019 வரை தொடர்ந்து 33 பந்தயங்களை வென்ற விங்க்ஸ் என்ற பெண்குதிரை இந்த முறையின் அழகான உதாரணம். பெரும்பாலான ஓய்வுகளுக்குப் பிறகு அவள் 1,300, 1,400 மீட்டர் ஓட்டங்களில்தான் திரும்பினாள். அங்கிருந்து படிப்படியாக ஏறி, 2,040 மீட்டர் காக்ஸ் பிளேட்டை நான்கு முறை வென்றாள். ஓய்வின் குறையைத் தூரத்தால் ஈடுகட்டிய திட்டம் அது.

இதுவரை உடம்பு. ஆனால் பணம் கட்டுபவர் பார்ப்பது உடம்பையல்ல, அச்சிட்ட எண்ணை. இந்தக் கட்டுரையின் முக்கியமான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் லென் ரகோசின் என்பவர் ஒவ்வொரு குதிரையின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எண் போட்டு, தாள்களாக விற்றார். அந்தத் தாள்களைப் படித்தவர்களிடையே ஒரு கொள்கை பரவியது: குதிரை தன் வாழ்நாளின் சிறந்த ஓட்டத்தை ஓடிவிட்டால், போதிய ஓய்வு இல்லாமல் அடுத்து ஓடும்போது சரியும். தாள்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். உண்மையாகவே சரிகின்றன. ஆனால் களைப்புதான் காரணம் என்று எப்படித் தெரியும்?

ஒரு குதிரையின் ஒருநாள் ஓட்டம் என்பது அதன் உண்மையான திறமையும் அன்றைய அதிர்ஷ்டமும் சேர்ந்தது. நல்ல கேட் எண், முன்னே ஓடியவர்களின் வேகம், இடைவெளி திறந்த நேரம், தரையின் ஈரம் எல்லாம் கூடி வந்த நாளில்தான் வாழ்நாள் சாதனை விழும். அடுத்த முறை திறமை அப்படியே இருக்கும். அதிர்ஷ்டம் சாதாரண அளவுக்கு வந்துவிடும். எனவே எண் இறங்கும். பத்து நாள் கழித்து ஓடினாலும் இறங்கும், நூறு நாள் கழித்து ஓடினாலும் இறங்கும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடக் கொஞ்சம் குள்ளமாக இருப்பதை 1886இல் எழுதிய பிரான்சிஸ் கால்டன் கண்டது இதைத்தான். சராசரிக்குத் திரும்புதல் என்று தமிழில் சொல்லலாம்.

இதையே தலைகீழாகப் பார்த்தால் இன்னும் பெரிய பொறி இருக்கிறது. பயிற்சியாளர் எப்போது குதிரைக்கு ஓய்வு கொடுக்கிறார்? பெரும்பாலும் அது மோசமாக ஓடிய பிறகு. மோசமான ஓட்டத்தில் துரதிர்ஷ்டத்தின் பங்கும் உண்டு. ஓய்வு முடிந்து வந்ததும் அது நீங்கி, குதிரை தன் வழக்கமான அளவுக்குத் திரும்புகிறது. நல்ல பெயர் ஓய்வுக்குப் போகிறது. ஓய்வே கொடுக்காமல் ஓடவிட்டிருந்தாலும் அந்த முன்னேற்றத்தில் ஒரு பகுதி வந்திருக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒற்றை உதாரணங்கள் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி நல்ல சாட்சி. அந்த டெர்பிக்கு இரண்டு வாரத்தில் பிரீக்னஸ் பந்தயம், அதற்கு மூன்று வாரத்தில் பெல்மான்ட் பந்தயம். 2022இல் டெர்பி வென்ற ரிச் ஸ்ட்ரைக்கை ஓய்வுக்காகப் பிரீக்னஸில் ஓடவிடவில்லை. பெல்மான்டில் ஆறாவதாக வந்தது. 2025இல் டெர்பி வென்ற சாவரின்ட்டியையும் அதே காரணத்துக்காக நிறுத்தி வைத்தார்கள், பெல்மான்டை வென்றது. முடிவு ஒன்றே, பலன் வேறு. முதல் குதிரையைப் பார்த்து ஓய்வை ஏசியவர்களும், இரண்டாவதைப் பார்த்துப் புகழ்ந்தவர்களும் ஒரே தவறைச் செய்தார்கள்.

அப்படியானால் பல ஆயிரம் ஓட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் போதுமா? அதுவும் போதாது. நீண்ட ஓய்வுக்குப் பின் ஓடிய குதிரைகளையும், இரண்டு வாரத்தில் ஓடிய குதிரைகளையும் இரண்டு கூட்டமாகப் பிரித்தால், முதல் கூட்டத்தில் காயம் பட்டவை நிறைய இருக்கும். அவை குறைவாக ஜெயித்தால், குற்றவாளி ஓய்வா, ஓய்வுக்குக் காரணமான காயமா? மருந்துச் சோதனை செய்பவர்கள் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். குதிரைச் சொந்தக்காரரிடம் சீட்டுக் குலுக்கிப் போட்டு உன் குதிரைக்கு மூன்று மாதம் விடுமுறை என்று சொல்ல முடியாது.

மும்பையில் அந்தச் சீட்டை வானிலை குலுக்கிப் போடுகிறது.

மகாலட்சுமி பந்தயத்திடல் 1883இல் திறக்கப்பட்டது. அதை நடத்தும் ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மும்பையிலும், ஜூலையிலிருந்து அக்டோபர் வரை புனேயிலும் பந்தயம் வைக்கிறது. மும்பையில் மழை கொட்டும்போது ஓட முடியாது. அதனால் குதிரைகள் மலையேறிப் புனேக்குப் போகின்றன. ஏப்ரல் முடிவுக்கும் ஜூலை நடுவுக்கும் இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் இரண்டு ஊரிலும் பந்தயமே இல்லை. காயம் பட்டதும் படாததும், ஜெயித்ததும் தோற்றதும் எல்லாம் சேர்ந்து ஓய்வெடுக்கின்றன.

எனவே ஜூலை மாதம் புனேயில் ஒரு குதிரையின் பெயருக்கு எதிரே 85 நாள் என்றிருந்தால், அந்த எண் கிட்டத்தட்ட எதையும் சொல்லவில்லை. பருவம் மூடியிருந்தது, அவ்வளவே. அதே 85 நாள் ஜனவரி மாதம் மகாலட்சுமியில் ஒரு குதிரைக்கு எதிரே இருந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். டிசம்பரில் 1,600 மீட்டர் கினீஸ் பந்தயங்கள், பிப்ரவரி முதல் ஞாயிறு 2,400 மீட்டர் இந்தியன் டெர்பி என்று பரிசுப்பணம் குவிந்திருக்கும் பருவத்தில் ஓடாமல் இருந்திருக்கிறது. ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. எண் ஒன்றே; செய்தி வேறு.

புனேயின் ஜூலை, ஆராய்ச்சிக்கு முழுமையான களம் என்று சொல்லிவிடவும் முடியாது. எல்லோரும் ஒன்றாக ஓய்ந்து வந்தால் யாரோடு ஒப்பிடுவது? முதல் ஓட்டத்து நேரத்தையும் இரண்டாம் ஓட்டத்து நேரத்தையும் ஒப்பிடலாம் என்றால், இடையில் பெய்த மழை தரையை மாற்றிவிடுகிறது. மூன்று வயதுக் குதிரை இந்த இடைவெளியில் வளர்ந்தும் விடுகிறது. அதன் முன்னேற்றம் ஓய்வாலா வயதாலா என்று பிரிப்பது கடினம். கொஞ்சம் வெளிச்சம் தருபவை பெங்களூரிலிருந்து வருபவை. அங்கே கோடைப் பருவம் மே மாதமே தொடங்கிவிடுவதால், அந்தக் குதிரைகள் ஓடி ஓடிப் பதம் பிடித்த உடம்போடு புனேயில் இறங்குகின்றன. ஒரே பந்தயத்தில் ஓய்ந்ததும் ஓயாததும் சேர்ந்து நிற்கும் அரிய வாய்ப்பு அது. ஆனால் அவ்வளவு தூரம் அனுப்பப்படும் குதிரை பெரும்பாலும் பொறுக்கி எடுத்த குதிரை. ஒரு கண்ணியிலிருந்து விடுபட்டால் இன்னொரு கண்ணி.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் பணம் பண்ணிவிட முடியுமா? ஹாங்காங்கில் ஒருவர் பண்ணினார். பில் பென்டர் என்ற அமெரிக்கர், ஒவ்வொரு குதிரையின் பல விவரங்களைக் கணினியில் சேர்த்து அது ஜெயிக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டார். ஹாங்காங் இதற்குத் தோதான இடம். ஒரே கிளப், இரண்டே திடல்கள், அதே குதிரைகள் திரும்பத் திரும்ப ஒன்றோடொன்று ஓடும். 1994இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் கவனிக்க வேண்டியது, கணினியின் கணக்கு மட்டும் போதவில்லை என்பது. பொதுமக்கள் கட்டிய பணத்தால் உருவாகும் விலையையும் உள்ளே சேர்த்த பிறகுதான் கணக்கு பலித்தது. கூட்டத்துக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எண்களில் இல்லை. லாயத்தில் வேலை செய்பவருக்கும், காலையில் பயிற்சியைப் பார்ப்பவருக்கும் தெரிந்தது விலையில் வந்து சேர்ந்துவிடுகிறது.

ரேஸ் பிரியர்கள் மனதில் வாங்க வேண்டிய இடம் இது. 85 நாள் என்பது எல்லோர் கையிலும் இருக்கும் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. எல்லோரும் பார்த்ததற்கு விலை ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. கூட்டம் அதைத் தவறாகப் படிக்கும்போது மட்டுமே லாபத்துக்கு வழி. அப்போதும் டோட் என்ற பொதுத் தொகுப்பில் சேர்ந்த பணம் முழுவதும் ஜெயித்தவர்களுக்குத் திரும்புவதில்லை. கிளப்பின் பங்கும் வரியும் போக மீதிதான் பிரிகிறது. 2017 ஜூலையில் 28 சதவீதமாக வந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர், ஓய்வு நாள் கணக்கு தெரிந்த தைரியத்தில் இந்தச் சுவரை ஏறிக் குதித்துவிடலாம் என்று நம்பக் கூடாது.

எண்ணுக்கு அப்பால் பார்க்க விரும்புகிறவருக்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல ஆவணம் கிடைக்கிறது. ஆங்கில நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவரும் காலைப் பயிற்சி நேரங்கள். 1,000 மீட்டரை, 600 மீட்டரை எத்தனை நொடியில் கடந்தது, இலகுவாகவா, ஜாக்கி உந்தித்தள்ளியா என்று ஒற்றை வரியில் இருக்கும். பந்தயம் போலவே ஓடவிட்டுப் பார்க்கும் மாக் ரேஸ் முடிவுகளும் வரும். நீண்ட ஓய்வுக்குப் பின் வரும் குதிரை ஏழெட்டு வாரமாகச் சீராக வேகத்தைக் கூட்டி வந்ததா, அல்லது இரண்டே வாரத்தில் அவசரமாகத் தயாரானதா என்பதை அதில் படிக்க முடியும். மூச்சைப் பற்றியும் எலும்பைப் பற்றியும் ஓய்வு நாட்களின் எண்ணிக்கை சொல்லாததை இந்தச் சிறு எழுத்து வரிகள் சொல்கின்றன.

சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசு 1974இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தால் அதன்பின் பந்தயத்தை நிறுத்த முடியாமல் போயிற்று. பந்தயத்தைக் காப்பாற்றிய அந்த வாதத்துக்கு ஒரு கடமையும் கூடவே வருகிறது. திறமையால் கணிக்க வேண்டுமென்றால் கணிப்பதற்கான தகவல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஜப்பானில் பந்தய நாளன்றே குதிரையின் உடல் எடையையும், முந்தைய ஓட்டத்திலிருந்து அது எத்தனை கிலோ ஏறியது இறங்கியது என்பதையும் அறிவிக்கிறார்கள். ஹாங்காங்கில் ஒவ்வொரு குதிரையின் மருத்துவக் குறிப்பும் பொதுவில் இருக்கிறது: எந்தத் தேதியில் நொண்டியது, எந்தக் காலில், எப்போது மருத்துவர் அனுமதித்தார். நம் ஊர் ரேஸ் புத்தகத்திலும் கடைசியாக ஓடிய தேதிக்குப் பக்கத்தில், ஓடாமல் இருந்ததற்கான காரணத்தையும் ஒரு வரி அச்சிட வேண்டும். அது பணம் கட்டுபவருக்கு எவ்வளவு உதவுமோ தெரியாது. தோண்டிய எலும்போடு ஒரு குதிரையை அவசரமாகக் களத்தில் இறக்க நினைக்கும் லாயத்தை அந்த ஒரு வரி நிச்சயம் யோசிக்க வைக்கும்.